ஐப்பசியில் லண்டன் போகிறீர்களா? ஒரு வேலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் இந்த முறை நாலு அம்மாமார் லண்டனுக்குப் பிள்ளைகளிடம் போகிறார்கள். நாலு பேரும் செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் என்று நாள் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை முடிந்து டிக்கெட் விலை இறங்கும் காலம் அதுதானே. போய் வந்தவர்களைக் கேட்டால் ஒரே பதில்: "சரியான குளிர். ஹீற்றருக்குப் பக்கத்திலேயே இருந்திட்டு வந்தன்." அந்த நாட்டின் மிக அழகான மூன்று மாதத்தை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கழித்துவிட்டு வருகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மூன்று இலையுதிர்காலங்கள் அங்கே இருந்திருக்கிறேன்: 2019, 2022, 2024. மகள் ஹெரிஃபோர்ட்ஷயரில், லெட்பரி என்ற சின்னப் பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். லண்டன் பாடிங்டனிலிருந்து ரெயிலில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். உங்கள் பிள்ளை ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருந்தாலும் நான் சொல்வதில் பெரும்பங்கு பொருந்தும். ரெயிலில் ஒரு மணித்தியாலம் வெளியே போனால் வயலும் வேலியும் வந்துவிடும்.

ஊர் சுற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வேலியைத் தெரிந்தெடுங்கள். இறங்கிய கிழமையிலிருந்து திரும்பும் நாள்வரை அதே வேலியை, முடிந்தால் அதே நேரத்தில், போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் இலையுதிர்காலம் முழுவதும் அந்த நூறு யார் தூரத்துக்குள் நடந்து முடியும்.

வேலி என்று நான் சொல்வது கம்பி வேலியை இல்லை. நான் தென்மராட்சியில் பிறந்து வளர்ந்தவள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால் போட்டு, அது துளிர்த்து, ஓணான் ஓடி, செண்பகம் கூடு வைத்த வேலிகளுக்குள்ளே வளர்ந்தவள். ஆங்கில நாட்டுப்புறமும் அதே மாதிரி உயிர்வேலியால் பிரிக்கப்பட்ட நாடு. முதல்நாள் மகளின் காரிலிருந்து இறங்கி அந்த ஒழுங்கையைப் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் பாதை, தூரத்தில் ஒரு படலை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நாட்டைப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் போதும்.

புறப்பட முன்: கொழும்பில் இரண்டு கிழமை

பழகாத கண்ணோடு விமானம் ஏறாதீர்கள். கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதி பெற்ற ஊர். தலவத்துகொடை தியசரு பூங்கா, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, இரண்டுக்கும் பஸ்ஸிலேயே போகலாம். காலை ஆறரைக்குப் போய் ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் அசையாமல் இருந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்தப் பொறுமைதான் பயிற்சி, பறவையின் பெயர் பிறகு வரட்டும்.

அங்கே போக வசதியில்லாதவர்கள் வீட்டுக்குப் பின்னால் காது கொடுங்கள். செப்டெம்பர் கடைசி, ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்திறங்கும். விடியவும் பொழுதுபடவும் இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் மாடிக் குடியிருப்பின் பின்மதிலுக்கு அப்பால் பாழடைந்த வளவொன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வருடமும் ஒன்று வருகிறது. சருகைப் புரட்டிப் புரட்டி நடக்கும். சருகு அசையும் சத்தத்தை வைத்து அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகினேன். அந்தப் பழக்கம் ஹெரிஃபோர்ட்ஷயர் வேலியடியில் அப்படியே கைகொடுத்தது. அங்கேயும் பாதிப் பறவைகள் சருகுக்குள்தான் மேயும்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புறக்கோட்டையில் தடித்த கம்பளிச் சட்டைகளை வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். அங்கே ஒவ்வொரு சிறு பட்டணத்திலும் தருமத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடைகள் உண்டு, நல்ல மழைச் சட்டை குறைந்த விலையில் கிடைக்கும். ஒரு தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டைகள் நல்லது. காலுக்கு மட்டும் கஞ்சம் பிடிக்க வேண்டாம். ஈர இலை எண்ணெய் தடவிய சீமெந்துத் தரை மாதிரி வழுக்கும். 2019 இல் சாதாரணச் சப்பாத்தோடு போய் இரண்டாம் நாளே விழுந்து மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் வீட்டிலிருந்தேன். பல்லுள்ள அடியோடு கணுக்காலை மூடும் சப்பாத்து ஒன்று, சேற்றுக்குக் கம்பூட்ஸ் ஒன்று. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், லைம் என்ற நோயைக் கடத்தும். சிங்கராஜாவில் அட்டை பார்ப்பது போல வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெருக்குவது போதும். அதைவிடக் கூடியது கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும்.

எங்கே நடக்கலாம்

"மற்றவன் காணிக்குள்ள எப்படிப் போறது?" என்றுதான் எங்கள் ஆட்கள் முதலில் தயங்குவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 225,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பொதுப் பாதைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் காணிக்கூடாகவே போகும். அவற்றில் நடப்பது உங்கள் சட்ட உரிமை. படலைத் தூணில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். ஓர்ட்னன்ஸ் சேர்வே என்ற அரச நில அளவை நிறுவனம் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் இவை பச்சைக் கோடாக இருக்கும். அதில் நாலு சென்றிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பேரப்பிள்ளைகள் போனில் காட்டுவார்கள், ஆனாலும் கடதாசியில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது.

வேலியைத் தாண்ட மரப் படி வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கடப்பு மாதிரியே, உயரம் மட்டும் கொஞ்சம் கூட. முழங்கால் நோ உள்ளவர்கள் கடப்பு இல்லாத பாதையாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். படலை விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு: எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும். சாத்தியிருந்தால் சாத்துங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். தண்ணீர் குடிக்க ஆடுமாடு போவதற்காகத் திறந்து வைத்திருப்பார்கள். நல்லது செய்கிறோம் என்று சாத்திவிட்டால் அவை தவித்துப்போகும். சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக நிற்பவை ஹெரிஃபோர்ட் மாடுகள், சாதுவானவை. ஆனாலும் கன்றோடு நின்றால் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். ஓடவேண்டாம்.

வேலியைப் படிப்பது

முதல் கிழமை பறவையைத் தேடாதீர்கள். வேலியில் என்னென்ன மரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். முப்பது பெரிய எட்டு வைத்து நடந்து, அந்தத் துண்டுக்குள் எத்தனை மரவகை என்று பாருங்கள். மாக்ஸ் ஹூப்பர் என்ற ஆய்வாளர் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: ஒரு மரவகைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு. எங்கள் வேலியில் ஹோதோர்ன், பிளாக்தோர்ன், ஹேசல், ஃபீல்ட் மேப்பிள், காட்டு ரோசா என்று ஐந்து. போர்த்துக்கேயர் 1505 இல் கொழும்பில் வந்திறங்கிய காலத்தை ஒட்டி யாரோ ஒருவர் அந்தக் கதியாலை நட்டிருக்கலாம். கணக்கு சரியோ பிழையோ, எண்ணத் தொடங்கியதும் ஒவ்வொரு மரத்தின் இலையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதற்காகவே எண்ணுங்கள்.

பிறகு பழங்கள். செப்டெம்பரில் பிளாக்பெரி. குலையின் நுனியில் இருக்கும் பழம்தான் முதலில் பழுக்கும், அதற்குத்தான் இனிப்பும் கூட. நுனிப் பழத்தை ஆய்ந்துகொண்டே போங்கள். ஒக்டோபர் பத்துக்குப் பிறகு ஆயக்கூடாது, சாத்தான் துப்பிவிடும் என்று அந்த ஊர்க் கிழவிகள் சொல்வார்களாம். உண்மையாகவே அந்த நாட்களில் ஈரம் ஏறிப் பழம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பிளாக்தோர்ன் மரத்தில் ஸ்லோ என்ற பழம். பார்த்தால் சின்ன நாவற்பழம், மேலே நீலச் சாம்பல் பூசினாற்போல இருக்கும். விரலால் தேய்த்தால் கறுப்பு மினுங்கும். நாவல் என்று எண்ணி வாயில் போட்டேன். பழுக்காத நாவலைவிடப் பத்து மடங்கு கயர், நாக்கு மரத்துப்போனது. உறைபனி ஒருமுறை விழுந்த பிறகு கொஞ்சம் தணியும் என்கிறார்கள். நான் சீனியும் கறுவாவும் போட்டுக் காய்ச்சினேன். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நல்லாயிருந்தது. காட்டு ரோசாவின் சிவப்புக் காய் உயிர்ச்சத்து சி நிறைந்தது. இரண்டாம் உலகப் போரில் தோடம்பழம் கப்பலில் வராதபோது பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி அதை ஆய்ந்து பாணி காய்ச்சினார்கள். உள்ளே இருக்கும் மயிர் தொண்டையைச் சொறியவைக்கும், துணியில் இரண்டுதரம் வடிக்காமல் கொடுக்க வேண்டாம்.

இனி எச்சரிக்கை. இதை எங்கள் ஆட்களுக்கென்றே எழுதுகிறேன். ஒக்டோபரில் இலையெல்லாம் மெலிந்த வேலியில் ஒரு கொடி படர்ந்திருக்கும். இதய வடிவ இலை மஞ்சளாகி, சிவப்புப் பழங்கள் மாலை கட்டியது போலத் தொங்கும். கண்டவுடனே "இது வள்ளி இலையெல்லோ!" என்றேன். இராசவள்ளிக்கு அப்பா பந்தல் போடும்போது பார்த்த அதே இலை, அதே நரம்பு, அதே சுற்று. கீழே கிழங்கு இருக்கும் என்று தடியால் கிளறவும் தொடங்கிவிட்டேன். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மா, தொடாதேங்கோ. அது நஞ்சு." அதன் பெயர் பிளாக் பிரையனி. என் கண் பிழைக்கவில்லை, அது இராசவள்ளியின் சொந்த இனம்தான்; அதே பேரினம். ஆனால் பழமும் கிழங்கும் நஞ்சு, கிழங்கின் சாறு தோலையும் எரிக்கும். ஊரில் தெரிந்த செடியின் சாயல் இருக்கிறது என்பதற்காக ஒன்றையும் வாயில் வைக்காதீர்கள். காளானும் அப்படித்தான். ஒக்டோபர் ஈரத்தில் நூறு வகை முளைக்கும், சாப்பிடும் காளான் மாதிரியே தோன்றும் டெத் கேப் ஆளைக் கொன்றுவிடும். காளானைக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

பேரப்பிள்ளையோடு செஸ்நட் பொறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு அடையாளம். இரண்டு மரம் உண்டு. தோல் முழுக்க மெல்லிய முள் அடர்ந்து, பச்சை ரம்புட்டான் மாதிரி இருந்தால் அது சாப்பிடுவது. உள்ளே இரண்டு மூன்று கொட்டை, நுனியில் சிறு கூரும் குஞ்சமும் இருக்கும். தோலில் அங்கொன்று இங்கொன்றாகத் தடித்த முள் இருந்து, உள்ளே ஒற்றை உருண்டைக் கொட்டை மினுங்கினால் அது கொங்கர். நூலில் கோத்து அடித்து விளையாடுவதற்கு மட்டும்.

வேலியின் அடியையும் பாருங்கள். நாய் புகும் பொட்டு என்று ஊரில் சொல்வோமே, அதே மாதிரிப் பொட்டு அங்கேயும் உண்டு. எங்கள் வேலியில் ஒன்று வழுவழுப்பாக, மண் பளிச்சென்று தேய்ந்து இருந்தது. மேலே முள்ளுக்கம்பியில் நாலைந்து மயிர். எடுத்துப் பார்த்தேன்: அடி வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை, நுனி மறுபடி வெள்ளை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் சீராக உருளாது, தட்டித் தட்டி நிற்கும். மயிர் தட்டையாக இருப்பதால் அப்படி. பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் அது. இரவில் மட்டும் வெளியே வரும். மூன்று வருடத்தில் அந்த விலங்கை ஒருதரம்கூட நான் காணவில்லை. மயிரைக் கடதாசியில் சுற்றி நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

போகிறவையும் வருகிறவையும்

செப்டெம்பர் கடைசியில் போய் இறங்குகிறவர்கள் அடுத்த நாளே மின்கம்பியைப் பாருங்கள். தகைவிலான் வரிசையாக இருந்தால் அதிர்ஷ்டம். ஒக்டோபர் முதல் கிழமைக்குப் பிறகு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். இருபது கிராம் எடையுள்ள குருவி பிரான்ஸ், ஸ்பெயின், சகாரா என்று தாண்டி ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீற்றர் பறந்து தென்னாபிரிக்காவுக்குப் போகிறது. அது எங்கே போகிறது என்று உறுதியாகத் தெரிந்ததே 1912 இல்தான். 1911 இல் ஸ்ராஃபோர்ட்ஷயரில் காலில் வளையம் போட்ட ஒன்று அடுத்த வருட டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது. அதே இனம் அதே மாதத்தில் வெள்ளவத்தைக் கம்பியிலும் வந்து குந்தும். எங்களிடம் வருவது ஆசியாவின் வடக்கிலிருந்து. இனம் ஒன்று, வழி வேறு.

தகைவிலான் போன இடத்துக்கு ஒக்டோபர் நடுவில் ஸ்கண்டினேவியாவிலிருந்து ரெட்விங்கும் ஃபீல்ட்ஃபெயாரும் வரும். ரெட்விங் ஏறக்குறைய நம் புலுனி அளவு, ஃபீல்ட்ஃபெயார் கொஞ்சம் பெரிது. ரெட்விங் இரவில் பறக்கும். மேகமில்லாத இரவில் ஒன்பது பத்து மணிக்குப் பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இருட்டுக்குள் தலைக்கு மேலே மெல்லிய "ஸ்ஸீப்" என்று ஒரு இழுப்பு கேட்கும், கொஞ்சம் கழித்து இன்னொன்று. கடல் தாண்டி வருகிற பறவைகள் இருட்டில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு போகிற சத்தம் அது. லண்டன் வீட்டு முற்றத்திலும் கேட்கும். 2022 இல் முதன்முதல் கேட்ட இரவு நான் உள்ளே போய்ப் படுக்கவில்லை, கம்பளியைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டிலேயே இருந்தேன். விடியப் போய்ப் பார்த்தால் எங்கள் வேலி ஹோதோர்னின் சிவப்புப் பழங்களில் அவை மொய்த்துக்கொண்டிருக்கும். டிசம்பருக்குள் வேலி மொட்டையாகிவிடும்.

அதனால்தான் வேலி வெட்டும் டிராக்டரைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். கூடு கட்டும் காலமென்று மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை வேலி வெட்டத் தடை. செப்டெம்பர் பிறந்ததும் சிலர் பழத்தோடு சேர்த்து அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஜனவரிவரை காத்திருந்து வெட்டுகிறவர். அவர் வேலியில்தான் பறவை இருக்கும். வேலி தெரிந்தெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்: நுனி கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தால் வேறு வேலி பாருங்கள்.

இரவில் ஆந்தையும் கேட்கும். "கீவிக்" என்று ஒன்று, "ஹூ... ஹுஹுஹூ" என்று மற்றது. பெட்டையும் சேவலும் மாறி மாறிக் கூப்பிடுவது. இலையுதிர்காலத்தில் இளசுகள் இடம் தேடும், பழசுகள் இடத்தைக் காக்கும், அதனால்தான் அவ்வளவு சத்தம். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று சொல்லிப் பேரப்பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம். என் பேரன் கையைக் குவித்து ஊதி அதற்குப் பதில் சொல்லப் பழகிவிட்டான்.

வெடிச் சத்தம்

போர்க்காலத்தை வாழ்ந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. 2019 இல் ஒரு சனிக்கிழமை காலை வேலியடியில் நின்றபோது பற்றைக்கு அப்பால் துவக்குச் சத்தம், தொடர்ந்து பத்துப் பதினைந்து. நான் நிலத்தில் குந்திவிட்டேன். மூச்சு வரவில்லை. சாவகச்சேரியை விட்டு வந்து எத்தனை வருடம், உடம்பு மறக்கவில்லை.

அது ஃபெசன்ட் கோழி வேட்டை. ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி பெப்ரவரி முதலாம் திகதிவரை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வேட்டை இல்லை, ஆகவே நெடுந்தூரம் நடக்க ஞாயிறு நல்லது. இன்னொன்று, புதிதாக விதைத்த வயலில் புறாவையும் காகத்தையும் கலைக்கக் காஸ் பீரங்கி வைப்பார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் தானாக வெடிக்கும், ஷெல் விழுந்த மாதிரியே இருக்கும். நவம்பர் ஐந்தாம் திகதி, பாராளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற 1605 ஆம் ஆண்டுச் சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக நாடு முழுக்க வாணவெடி, தீபாவளியும் அதை ஒட்டியே வரும். போய் இறங்கியதும் பிள்ளையிடம் கேளுங்கள்: எந்தப் பண்ணையில் எந்த நாள் சுடுவார்கள், பீரங்கி எங்கே இருக்கிறது. நாளும் இடமும் தெரிந்திருந்தால் நெஞ்சு அவ்வளவு படபடக்காது.

அந்த நவம்பர் ஐந்துக்கு முற்றத்தில் விறகும் சருகும் குவித்து எரிப்பார்கள். முள்ளெலி குளிர்கால உறக்கத்துக்கு இடம் தேடும் நேரம் அது, சருகுக் குவியலைக் கண்டால் உள்ளே போய்ச் சுருண்டுவிடும். உங்கள் பிள்ளை வீட்டில் எரிப்பதானால் குவியலை எரிக்கும் அன்றைக்கே கட்டச் சொல்லுங்கள். முன்பே கட்டியிருந்தால் பக்கத்தில் வேறிடத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டு எரிக்கச் சொல்லுங்கள்.

ஆடும் வயலும்

ஒக்டோபர், நவம்பரில் செம்மறி ஆடுகளின் பின்பக்கத்தில் நீலம், சிவப்பு, பச்சை என்று சாயம் பூசியிருக்கும். அடையாளத்துக்குப் பூசியது என்றுதான் நானும் எண்ணினேன். பண்ணைக்காரர் விளக்கினார். கிடாயின் நெஞ்சில் வாரைக் கட்டி அதில் சாயக் கட்டி வைக்கிறார்கள். கிடாய் சேர்ந்த மறியின் முதுகில் நிறம் ஒட்டிவிடும். ஏறக்குறைய பதினேழு நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றுவார்கள். முதல் நிறத்தோடு நிற்பது முதலில் குட்டி போடும். புது நிறமும் ஏறினால் முதல்தரம் சினைப்படவில்லை என்று பொருள். சினை 147 நாள் அளவில். நவம்பர் ஐந்தில் கிடாயை விட்டால் ஏப்ரல் முதலாம் திகதியை ஒட்டிக் குட்டி. புத்தகமும் கணினியும் இல்லாமல் ஆட்டின் முதுகிலேயே கணக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொரு கிழமையும் நிறத்தை எண்ணி எழுதுங்கள், பேரப்பிள்ளைக்கு நல்ல கணக்குப் பாடம்.

வயலைப் பார்த்து அறுவடை முடிந்துவிட்டதே என்று திரும்பாதீர்கள். எங்களுக்கு ஐப்பசி மழையோடு காலபோகம் தொடங்குவது போல அவர்களுக்கும் கோதுமை விதைப்புக் காலம் இதுதான். குளிரும் இருட்டும் கூடக்கூட வயல் பச்சையாகும்.

ஹெரிஃபோர்ட்ஷயர், வூஸ்ரர்ஷயர்ப் பக்கம் போகிறவர்கள் பழைய அப்பிள் தோட்டமொன்றையும் பாருங்கள். இலை கொட்டியதும் மொட்டைக் கிளைகளில் பச்சைப் பந்துகள் தொங்கும். குருவிச்சைதான்! ஊரில் மாமரத்தில் கண்டால் அப்பா கத்தியோடு ஏறிவிடுவார். அங்கே அது ஹெரிஃபோர்ட்ஷயரின் அடையாளப் பூ. டென்பரி வெல்ஸ் என்ற பட்டணத்தில் நத்தாருக்கு முன் கட்டுக்கட்டாக வைத்து ஏலம் விடுகிறார்கள். பரப்புவதும் பறவைதான், இங்கே பூக்கொத்தி செய்யும் வேலையை அங்கே மிசில் திரஷ் செய்கிறது.

நேரம்

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். கொழும்புக்கும் அங்கைக்கும் நாலரை மணித்தியாலமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து ஐந்தரை. ஒக்டோபர் தொடக்கத்தில் மாலை ஆறரைக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும், நவம்பர் கடைசியில் நாலு மணிக்கே பொழுதுபடும். ஆகவே நவம்பரில் நடையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். ரோச் லைற் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

லண்டனை விட்டு வெளியே போகவே முடியாதவர்கள் ரிச்மண்ட் பார்க்குக்கு ஒருநாள் விடியப் போங்கள். 1637 இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் மதில் கட்டி மான் விட்ட இடம், இன்றைக்கும் அறுநூறுக்கு மேல் நிற்கின்றன. செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் முழுக்கக் கலைமான்கள் பெட்டைக்காக முழங்கும், கொம்போடு கொம்பு மோதும். ஐம்பது மீற்றருக்குக் கிட்டே போகக்கூடாது. சமர்செற் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் நவம்பருக்குப் பிறகு ஹாம் வோல் என்ற சதுப்புநிலத்துக்குப் பொழுதுபடும் நேரம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்ரார்லிங் என்ற பறவை, நம் மைனாவின் குடும்பம், புகை மாதிரி வானத்தில் சுருண்டு விரிந்து நாணலுக்குள் இறங்கும்.

நோட்டுப் புத்தகம்

சதுரக்கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று கொழும்பிலிருந்தே கொண்டு போங்கள். தேதி, நேரம், கண்டது. ஒரு நாளுக்கு மூன்று வரி போதும். தமிழில் எழுதுங்கள், பெயர் தெரியாவிட்டால் எந்த ஊர்ப் பொருள் மாதிரி இருக்கிறது என்று எழுதுங்கள். "கொட்டம்பா இலை சிவந்த மாதிரி ஒரு மரம்" என்று 2019 இல் எழுதியதை வைத்துத்தான் மகள் அது செர்ரி மரம் என்று கண்டுபிடித்துச் சொன்னாள்.

திரும்பும்போது விதையோ காயோ கிழங்கோ பெட்டிக்குள் வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் செடிகொடி கொண்டுவரக்கூடாது. கொப்பியையும் நான் கொண்டு வருவதில்லை, குசினி மேசையில் வைத்துவிட்டு வருகிறேன். எங்கள் சம்பந்தியம்மா மட்டக்களப்பிலிருந்து சித்திரையில் அங்கே போகிறவ. 2024 டிசம்பரில் "வேலியில் பழம் ஒன்றுமில்லை, முள் மட்டும்" என்று எழுதிவிட்டு விமானம் ஏறினேன். அடுத்த வருடம் அதே பக்கத்தைப் படமெடுத்து மகள் அனுப்பினாள். என் வரிக்குக் கீழே சம்பந்தியம்மாவின் குண்டு குண்டு எழுத்து: "ஏப்ரல் 14, வருடப்பிறப்பு. காலை எட்டு மணி. ஸ்லோ முள்ளில் இலை இன்னும் வரவில்லை. முழுக்க வெள்ளைப் பூ. பொட்டுக்குள் புது மண் கிடக்கு."